எடை குறைத்த பிறகு ஏன் இத்தனை பசி?

கேள்வி: ஓராண்டில் 14 கிலோ குறைத்தேன். ஆறு மாதமாக, குண்டாக இருந்தபோதுகூட இல்லாத அளவுக்குப் பசிக்கிறது. மாலை நாலு மணிக்கும், இரவுச் சாப்பாடு முடிந்த ஒரு மணி நேரத்திலும் தாங்க முடியவில்லை. 5 கிலோ திரும்ப ஏறிவிட்டது. “வாயைக் கட்டத் தெரியவில்லை” என்கிறார்கள் வீட்டில். இது உடம்பின் பசியா, மனசின் பலவீனமா? ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

பதில்:

உடம்பின் பசிதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு அடியில் இருக்கும் குற்றவுணர்ச்சி எனக்குப் பழக்கமானது. மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் கற்பிக்கிறேன். பசியைப் பற்றிய பாடம் முடிகிற நாளில், எல்லோரும் போன பிறகு யாராவது ஒரு மாணவர் தயங்கி நின்று இதே கேள்வியைக் கேட்பார். தனக்காக, அல்லது அம்மாவுக்காக.

உங்கள் நிலையை அப்படியே அளந்து பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் பிரியா சுமித்ரன், ஜோசப் ப்ரொயெட்டோ குழுவினர் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் வைத்தார்கள். சராசரியாக 13.5 கிலோ குறைந்தது. ஏறக்குறைய நீங்கள் குறைத்த அதே அளவு. உணவுக் கட்டுப்பாட்டுக்கு முன்பும், முடிந்த உடனும், ஓராண்டு கழித்தும் அவர்கள் ரத்தத்தில் பசி தொடர்பான ஹார்மோன்களை அளந்தார்கள். எவ்வளவு பசிக்கிறது என்று அவர்களையே குறிக்கவும் சொன்னார்கள். எடை குறைந்ததும் பசியைக் கிளப்பும் கிரெலின் கூடியிருந்தது, பசியை அடக்கும் லெப்டின், பிஒய்ஒய், சிசிகே குறைந்திருந்தன. இதில் யாருக்கும் வியப்பில்லை. ஆனால் ஓராண்டு கழித்து, எடையில் ஒரு பங்கு திரும்ப ஏறிய பிறகும், இவை பழைய நிலைக்கு வந்திருக்கவில்லை. பசியும் முன்னைவிடக் கூடுதலாகவே இருந்தது. 2011-இல் வெளிவந்த இந்த ஆய்வை எடை குறைக்கச் சொல்லும் ஒவ்வொரு மருத்துவரும் படித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். குறைத்த பிறகு என்ன நடக்கும் என்பதை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லாமல் அனுப்புவது நியாயமில்லை.

“சரி, அவர்கள் பத்து வாரம் வாயைக் கட்டினார்கள், அந்த ஏக்கம்தான் பசியாக வருகிறது” என்று உங்கள் வீட்டில் சொல்லலாம். அதற்கும் ஒரு நல்ல சோதனை உண்டு. கேனாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மருந்து, ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸைச் சிறுநீரில் இறக்கிவிடும். நாளொன்றுக்குச் சுமார் 360 கலோரி இப்படி வெளியேறுகிறது. சாப்பிட்டவருக்கு அது தெரிவதேயில்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார ஆய்வு நிலையத்தின் கெவின் ஹால், இந்த மருந்தை 52 வாரம் எடுத்துக்கொண்டவர்களின் எடைக் கணக்கை 2016-இல் அலசினார். யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று நோயாளிகளுக்குத் தெரியாது. யாரும் டயட் இருக்கவில்லை, யாரும் எதற்கும் ஏங்கவில்லை. எடை கொஞ்சம் இறங்கி அப்படியே நின்றுவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால், அவர்கள் தங்களை அறியாமலே கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்குச் சுமார் 100 கலோரி அளவுக்கு உண்ணும் உந்துதல் கூடுகிறது என்பது அவர் கண்ட சராசரி. உடம்பின் எரிப்பு குறைவது கிலோவுக்கு 20 முதல் 30 கலோரிதான்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எடை திரும்ப ஏறினால் “மெட்டபாலிசம் மந்தமாகிவிட்டது” என்று சொல்வது வழக்கம். அதைவிட மூன்று, நான்கு மடங்கு பெரிய விசை பசிதான். 14-இல் 5 திரும்பி, 9 கிலோ இறங்கிய நிலையில் இருக்கிறீர்கள். சராசரிக் கணக்கில் அது நாளுக்கு 900 கலோரி இழுப்பு. உங்கள் உடம்பில் அது கூடலாம், குறையலாம். ஆனாலும் நடுத்தரமான இரண்டு வேளைச் சாப்பாட்டின் அளவு அது. அந்த இழுப்பை எதிர்த்துக்கொண்டுதான் அலுவலகம் போகிறீர்கள், சமைக்கிறீர்கள், மற்றவர்களுக்குப் பரிமாறுகிறீர்கள்.

இனி, இந்த இழுப்பு எங்கிருந்து வருகிறது என்பது. கொஞ்சம் நீளும்; ஆனால் இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தது.

வயிற்றிலிருந்துதான் பசி வருகிறது என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். 1912-இல் ஹார்வர்டில் வால்டர் கேனனும் அவருடைய மாணவர் வாஷ்பர்னும் அதைச் சோதித்தார்கள். வாஷ்பர்ன் ஒரு பலூனை விழுங்கிவிட்டு உட்கார்ந்தார். வயிறு சுருங்கும்போதெல்லாம் பலூன் அழுத்தம் பதிவாகும். பசி கிள்ளும்போது அவர் ஒரு விசையை அழுத்துவார். இரண்டும் ஒத்துப்போயின. வயிறு சுருங்குவதே பசி என்று முடிவு கட்டினார்கள். பிறகு, நோயால் வயிறே முழுதாக நீக்கப்பட்டவர்களுக்கும் பசிக்கிறது என்று தெரியவந்தது. வயிற்றில் கிள்ளுவது பசியின் சத்தம், அவ்வளவுதான்.

கவனம் மூளைக்குப் போனது. 1940-இல் ஹெதரிங்டன், ரேன்சன் இருவரும் எலியின் மூளையடியில் இருக்கும் ஹைப்போதலாமஸின் உள்பகுதியைச் சிதைத்தபோது எலி உப்பிப் பெருத்தது. 1951-இல் அதற்கு நேரெதிரானது கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம்மவர். பால் கிரிஷன் ஆனந்த், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் ப்ரோபெக்குடன் வேலை செய்துகொண்டிருந்தார். ஹைப்போதலாமஸின் பக்கவாட்டுப் பகுதியை இருபுறமும் சிதைத்ததும் எலிகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டன. தீனி முன்னால் கிடக்க, பட்டினியில் செத்தன. ஆனந்த் பின்னர் டெல்லி எய்ம்ஸில் உடலியங்கியல் துறையை உருவாக்கினார். அவர் ஆய்வைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பில் எனக்குக் குரல் சற்று உயர்ந்துவிடும்.

“இங்கே ஒரு பசி மையம், அங்கே ஒரு நிறைவு மையம்” என்று பாடப்புத்தகங்கள் எழுதிக்கொண்டன. தேர்வுக்கு அது வசதி. ஆனால் 1954-லேயே டைட்டல்பாம், ஸ்டெல்லர் இருவரும், அப்படிச் சிதைக்கப்பட்ட எலிகளுக்குக் குழாய் வழியே ஊட்டி உயிரோடு வைத்திருந்தால், நாளடைவில் தாமே சாப்பிடத் தொடங்குகின்றன என்று காட்டிவிட்டார்கள். ஒரு விளக்குக்கு ஒரு சுவிட்ச் என்பதுபோல் பசி அமையவில்லை.

அப்படியானால் உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பது மூளைக்கு எப்படித் தெரிகிறது? இதற்கு விடை தேடியவர்களில் டக்ளஸ் கோல்மனை நான் எல்லோருக்கும் மேலே வைப்பேன். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற கடலோர ஊரில் இருக்கும் ஜாக்சன் ஆய்வகத்தில், பிறவியிலேயே ஓயாமல் தின்று பருத்துப்போகும் சுண்டெலிகள் இரண்டு வகை இருந்தன. ஒரு வகைக்கு ஓபி, மற்றதற்கு டிபி என்று பெயர். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கோல்மன் இரண்டிரண்டு எலிகளின் விலாப்பக்கத்தைச் சேர்த்துத் தைத்து, ஒன்றின் ரத்தம் கொஞ்சம் மற்றதற்குள் போகும்படி செய்தார்.

டிபி எலியைச் சாதாரண எலியோடு இணைத்தார். சாதாரண எலி சாப்பிடுவதை நிறுத்திச் செத்தது; டிபி தொடர்ந்து பருத்தது. டிபியை ஓபியோடு இணைத்தார். அளவின்றித் தின்றுகொண்டிருந்த ஓபி பட்டினி கிடந்து செத்தது. ஓபியைச் சாதாரண எலியோடு இணைத்தபோது, ஓபி அளவோடு சாப்பிட்டது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்து அவர் சொன்னார்: ரத்தத்தில் “போதும்” என்று சொல்லும் ஏதோ ஒன்று ஓடுகிறது. ஓபி எலிக்கு அதைச் சுரக்கத் தெரியாது, கொடுத்தால் கேட்கும். டிபி எலி அதை ஏராளமாகச் சுரக்கிறது, ஆனால் அதன் காதில் விழுவதில்லை. தைப்பதற்கு ஊசியும் நூலும், அளப்பதற்குத் தராசும், பிறகு யோசனை. இவ்வளவுதான் அவருடைய முதல்.

அந்தப் பொருள் எது என்று அவரால் பிரித்தெடுக்க முடியவில்லை; அதற்கான மரபணுத் தொழில்நுட்பம் அன்று இல்லை. 1994 டிசம்பரில் நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு அந்த மரபணுவைக் கண்டது. அது உண்டாக்கும் ஹார்மோனுக்கு, ஒல்லி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து லெப்டின் என்று பெயர் வைத்தார்கள். அதைச் சுரப்பது கொழுப்புத் திசு. நாம் வெறும் சேமிப்புக் கிடங்கு என்று நினைத்திருந்த கொழுப்பு, மூளையோடு ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது.

மனிதர்களில் இது உண்மையா என்ற கேள்விக்கு 1997-இல் கேம்பிரிட்ஜிலிருந்து பதில் வந்தது. பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு குழந்தைகள், ஒன்றுக்கொன்று ஒன்றுவிட்ட உறவு. எட்டு வயதுச் சிறுமி 86 கிலோ, இரண்டு வயதுச் சிறுவன் 29 கிலோ. இருவர் ரத்தத்திலும் லெப்டின் ஏறக்குறைய இல்லை. சதாஃப் ஃபரூக்கியும் ஸ்டீபன் ஓராஹிலியும் அந்தச் சிறுமிக்கு லெப்டின் ஊசி போடத் தொடங்கியபோது அவள் 94.4 கிலோ இருந்தாள். நடக்கவே சிரமப்பட்டவள். ஓராண்டில் 16.4 கிலோ குறைந்தது. டயட் சொல்லிக் குறைந்ததல்ல. பசி அடங்கியது, அதனால் குறைந்தது. அதுவரை எத்தனை பேர் அவளையும் அவள் தாயையும் பார்த்து, பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை என்று நினைத்திருப்பார்கள் என்று யோசிக்கும்போது மனம் கனக்கிறது.

இங்கே நமக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்தக் குறை வரும். அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில் அந்த வாய்ப்பு கூடுகிறது. மிக மிக அரிதானதுதான். ஆனாலும், பிறந்த முதல் ஓராண்டிலேயே ஒரு குழந்தை எவ்வளவு கொடுத்தும் அடங்காத பசியோடு அழுது, எடை கிடுகிடுவென்று ஏறினால் “கொழுகொழு” என்று கொஞ்சிவிட்டு இருந்துவிடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். லெப்டின் இல்லாத குழந்தைக்கு மருந்து இருக்கிறது.

மற்ற எல்லோருக்கும் லெப்டின் மருந்தாகவில்லை. ஆம்ஜென் நிறுவனம் இரண்டு கோடி டாலர் கொடுத்து உரிமம் வாங்கியது. சாதாரண உடல்பருமன் உள்ளவர்களிடம் பலன் சொற்பமாகவே இருந்தது. அவர்களிடம் லெப்டின் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. கொழுப்பு கூடக்கூட லெப்டினும் கூடும். மூளை அதைப் பொருட்படுத்துவதில்லை. லெப்டின் குறையும்போதுதான் மூளை பதறுகிறது. மூளையைப் பொறுத்தவரை அது பஞ்சத்தின் அறிகுறி. நீங்கள் விரும்பிக் குறைத்தீர்களா, பஞ்சத்தில் குறைந்ததா என்று அதற்குத் தெரியாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ரோசன்பாம், லைபல் குழுவினர், எடை குறைத்தவர்களுக்குக் கொஞ்சம் லெப்டின் கொடுத்துப் பழைய அளவுக்கு நிரவியபோது, குறைந்திருந்த உடல் எரிப்பு மீண்டது. சாப்பிட்டால் வயிறு நிறைந்த உணர்வும் மேம்பட்டது. உங்களுக்குச் சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் பசிப்பது இதனோடு சேர்ந்ததுதான்.

இரண்டாம் உலகப்போர் முடிகிற காலத்தில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ், போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி வைத்து ஆராய்ந்தார். எடையில் கால்வாசி போயிற்று. சமையல் புத்தகங்களை விழுந்து விழுந்து படித்தார்கள், தட்டை நக்கினார்கள், சாப்பாட்டைப் பற்றியே கனவு கண்டார்கள். உணவு மீண்டும் கிடைத்தபோது வயிறு புடைக்கத் தின்றும் பசி போகவில்லை. நல்ல ஆரோக்கியமும் மன உறுதியும் உள்ளவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்கள் அவர்கள்.

குடலில் இருந்து வரும் ஹார்மோன்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிசிகே ஒரு வேளைச் சாப்பாட்டை முடித்துவைப்பது, 1973-இல் தெரியவந்தது. கிரெலின் 1999-இல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா கண்டது; காலி வயிற்றில் சுரந்து பசியைக் கிளப்பும். நீங்கள் சொன்ன நாலு மணிப் பசிக்கு இது முக்கியம். கிரெலின் வழக்கமான சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்பே ஏறுகிறது. நம் ஊரில் நாலு மணி என்பது டீயும் பலகாரமும். எத்தனையோ ஆண்டுப் பழக்கத்தை உடம்பு கடிகாரம்போல் வைத்திருக்கிறது.

மூளையில் பசியைக் கிளப்பும் ஒரு நரம்பணுக் கூட்டம் உண்டு; ஏஜிஆர்பி அணுக்கள் என்பார்கள். 2011-இல் சுண்டெலிகளில் இவற்றை ஒளிபாய்ச்சித் தூண்டியபோது, வயிறு நிறைந்த எலியும் சில நிமிடங்களில் தின்னத் தொடங்கியது. 2015-இல் சான் பிரான்சிஸ்கோவில் சாக்கரி நைட் குழு இன்னும் விந்தையான ஒன்றைக் கண்டது. பசித்த எலி தீனியைப் பார்த்த நொடியில், ஒரு வாய்கூட எடுக்குமுன், இந்த அணுக்கள் அமைதியாகிவிடுகின்றன. தீனியை எடுத்துவிட்டால் மறுபடி கிளம்புகின்றன. வயிற்றுக்குள் போனதை மட்டும் வைத்து மூளை கணக்குப் போடுவதில்லை, போகப்போவதையும் எதிர்பார்க்கிறது.

நினைவுக்கும் இதில் பங்கு உண்டு. 1998-இல் பால் ரோசின் குழுவினர், மூளைப் பாதிப்பால் புதிதாக எதுவும் நினைவில் நிற்காத இருவருக்கு மதியச் சாப்பாடு கொடுத்தார்கள். சாப்பிட்டு முடித்து 10 முதல் 30 நிமிடத்தில் இன்னொரு சாப்பாட்டை வைத்தபோது மறுபடி சாப்பிட்டார்கள். மூன்றாவதையும் தொடங்கினார்கள். வயிறு நிறைந்திருந்தது, சாப்பிட்டோம் என்ற நினைவு இல்லை. நம் பாட்டிமார் இலையைப் பார்த்துச் சாப்பிடு என்றது இங்கே பொருந்துகிறது. டிவி பார்த்துக்கொண்டே சாப்பிட்டவர்கள் பின்னால் நொறுக்குத்தீனி கூடுதலாக எடுக்கிறார்கள் என்று ஆய்வுகளும் காட்டுகின்றன.

உங்களுக்கு உதவக்கூடியதற்கு வருகிறேன். பசியை அதட்டி அடக்க முடியாது, ஆனால் எதைச் சாப்பிட்டால் அடங்குகிறது என்பதில் பெரிய வேறுபாடு இருக்கிறது. கெவின் ஹால் 2019-இல் 20 பேரை ஒரு மாதம் மருத்துவமனையிலேயே தங்கவைத்தார். இரண்டு வாரம் ஆலையில் அதிகம் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சமைத்த எளிய உணவு. எதிரே வைத்த தட்டில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவில் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு 0.9 கிலோ ஏறினார்கள். மற்றதில் அதே அளவு இறங்கினார்கள்.

சிட்னியில் சூசன்னா ஹோல்ட் 1995-இல் 38 உணவுகளை, ஒவ்வொன்றும் 240 கலோரி வரும்படி கொடுத்து, இரண்டு மணி நேரம் பசி எப்படி இருக்கிறது என்று கேட்டார். வெள்ளை ரொட்டி பசியைத் தாங்கும் அளவை 100 என்று வைத்தால், வெண்ணெய் சேர்த்த க்ரோசான் ரொட்டிக்கு 47. எல்லாவற்றுக்கும் மேலே நின்றது, நாம் டயட் என்றதும் முதலில் ஒதுக்கும் வேகவைத்த உருளைக்கிழங்கு: 323. பொரித்ததல்ல, வெறுமனே வேகவைத்தது. அந்தப் பட்டியலில் இட்லியோ பொங்கலோ கிடையாது. ஆனால் நீர், நார், புரதம் மூன்றும் உள்ள உணவு பசியை நெடுநேரம் தாங்கும் என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. ஆகவே உங்கள் நாலு மணியைப் பட்டினியால் தாண்ட முயலாதீர்கள். அந்த நேரத்துக்குச் சாப்பாடு உண்டு என்று வைத்துக்கொண்டு, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலோ முட்டையோ உட்கார்ந்து சாப்பிடுங்கள். பிஸ்கட் வேண்டாம். இரவுச் சாப்பாட்டில் பருப்பையும் காயையும் கூட்டுங்கள். 900 கலோரி இழுப்பை இது இல்லாமல் ஆக்கிவிடாது. கொஞ்சம் தளர்த்தும்.

எடை குறைக்கும் ஊசி மருந்துகளைப் பற்றியும் கேட்கத் தோன்றும். பசியை அடக்கும் குடல் ஹார்மோனான ஜிஎல்பி-1 ரத்தத்தில் இரண்டு நிமிடத்தில் பாதி அழிந்துவிடும்; நீடித்து நிற்கும்படி அதை மாற்றியமைத்ததுதான் செமாகுளுடைடு. 68 வாரச் சோதனையில் சராசரியாக 14.9 சதவீதம் எடை குறைந்தது, வெற்று ஊசியில் 2.4 சதவீதம். எடுத்துக்கொள்பவர்கள் பலர் சொல்வது, சாப்பாட்டு நினைப்பே ஓய்ந்துவிட்டது என்று. மனக்கட்டுப்பாடு என்று நாம் பெயர் வைத்திருந்தது வாரம் ஒரு ஊசியில் வந்துவிடுகிறது என்றால், அது முதலிலிருந்தே மனக்கட்டுப்பாடாக இருந்திருக்க முடியாது. ஆனால் நிறுத்தி ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்தது. ரத்த அழுத்த மாத்திரைபோலத் தொடர்ந்து எடுக்கவேண்டியது என்று தெரிந்தே தொடங்க வேண்டும். 2025 முதல் எடைக்கென்றே இவை இந்தியாவிலும் விற்கப்படுகின்றன. கடையில் நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். வாந்தி, மலச்சிக்கல், பித்தப்பைக் கல் போன்ற தொல்லைகள் வரலாம், கணையம், தைராய்டு தொடர்பான முன்கதை உள்ளவர்களுக்குத் தனி எச்சரிக்கைகள் உண்டு.

மருத்துவரிடம் போகும்போது “எடை ஏறுகிறது” என்று மட்டும் சொல்லாதீர்கள். இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் பசித்தது, கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டிருந்தீர்கள், முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள். எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்துச் சீட்டுகளையும் கொண்டுபோங்கள். ஸ்டீராய்டும் மனநலத்துக்கான சில மாத்திரைகளும் பசியைக் கூட்டும். சர்க்கரையும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். 14 கிலோ குறைத்த பிறகு பசி கூடியது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், எடையை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.